ஐயம் தீராத நோயும் உத்தியோகக் கவலையும்

கருவியைப் பார்த்து அளவெடுக்கும் ஊழியர் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது நற்பழக்கமாகும். எழுதிய எண்ணை ஒப்பு நோக்குதலும், கூட்டலை அடியிலிருந்து மேலாக மறுபடி கூட்டிப் பார்த்தலும் விஞ்ஞானப் பயிற்சியின் முதற்பாடங்கள். ஆயினும் இந்நற்பழக்கத்தின் உருவிலேயே ஒரு நோய் மனிதரைப் பற்றிக்கொள்வதுண்டு. அந்நோய் முற்றி, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறவேண்டிய நிலை ஏற்படும்போது, நோயைக் காட்டிலும் உத்தியோகம் பற்றிய அச்சமே பலரைத் தடுத்து நிறுத்துகிறது. அந்நோயின் இயல்பும், சிகிச்சையின் முறையும், அவ்வச்சம் எவ்வளவு தூரம் நியாயமானது என்பதும் இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

நோயின் இயல்பு

இதனைத் தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்பர். மருத்துவர்கள் சுருக்கமாக ஓ.சி.டி. என வழங்குவர். இதற்கு இரண்டு கூறுகள் உண்டு. விரும்பாமலே மீண்டும் மீண்டும் மனத்தில் புகுந்து துன்புறுத்தும் எண்ணம் ஒன்று. அத்துன்பத்தைத் தணிப்பதற்காகத் திரும்பத் திரும்பச் செய்யும் செயல் மற்றொன்று. கை கழுவுதல், பூட்டை இழுத்துப் பார்த்தல், எண்ணுதல், ஒழுங்குபடுத்துதல், பிறரிடம் “சரிதானே?” எனக் கேட்டல் ஆகியவை இச்செயல்களுள் சில. மனத்திற்குள்ளேயே நடைபெறும் செயல்களும் உண்டு. அவை பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தம் எண்ணம் பொருத்தமற்றது என்பதை நோயாளரில் பெரும்பாலோர் அறிவர். அறிந்தும் விடமுடியாமையே இந்நோயின் கொடுமை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர்கள் இதனை “ஐயப் பித்து” என்று அழைத்தனர்.

ஓர் எடுத்துக்காட்டு

பல நோயாளரின் நிலைமைகளைத் திரட்டி அமைத்த கற்பனை எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். ஒடிசாக் கடற்கரையில் உள்ள வானிலை நோக்ககம் ஒன்றில் நோக்குநராகப் பணியாற்றுபவர் ஒருவர். பதினான்கு ஆண்டுப் பணியில் குற்றம் குறை காணாதவர். காலை 8.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் ஸ்டீவன்சன் கூண்டைத் திறந்து, உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகளைப் பத்தில் ஒரு பாகை நுட்பத்தில் படித்து எழுதுவது அவர் கடமைகளுள் ஒன்று.

ஒரு புயற் பருவத்திற்குப் பின், “தவறான எண்ணை எழுதிவிட்டேனோ? அதனால் யாரேனும் ஒரு மீனவர் கடலில் மடிவாரோ?” என்ற எண்ணம் அவரைப் பற்றியது. முதலில் மும்முறை பார்த்தார். பின்னர்ப் பத்து முறை. கூண்டின் கதவை மூடிவிட்டுத் திரும்பியவர் பாதி வழியில் மீண்டும் ஓடினார். வீடு சென்ற பின்னரும் தொலைபேசியில் உடன் பணியாளரை அழைத்துப் பதிவேட்டைப் படித்துக் காட்டச் சொன்னார். 8.30 மணி நோக்கலுக்கு ஆறு மணிக்கே வரலானார். அப்படியிருந்தும் செய்தி நேரம் தவறியே சென்றது.

இங்கே ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. வெப்பமானியின் முன் நெடுநேரம் நின்றால், நிற்பவரின் உடற்சூடும் மூச்சும் அளவை மாற்றிவிடும். ஆகவேதான் விரைவாகப் படித்து விலகுமாறு நோக்குநர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. தவறு நேரலாகாதென்று அவர் நின்ற ஒவ்வொரு நிமிடமும் தவறு நேருவதற்கே இடமளித்தது.

மீண்டும் பார்த்தால் ஐயம் ஏன் தீர்வதில்லை?

2003-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் நோயற்ற மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். கணிப்பொறித் திரையில் தோன்றும் எரிவாயு அடுப்பை மூடியாயிற்றா எனப் பன்முறை சரிபார்க்குமாறு மாணவர்கள் பணிக்கப்பட்டனர். அவ்வாறு சரிபார்த்தவர்களின் நினைவு உண்மையில் பிழைபடவில்லை; ஆனால் அந்நினைவின் தெளிவும், அதன்மீது அவர்கள் கொண்ட நம்பிக்கையும் குறைந்துபோயின. ஒரே செயலைப் பலமுறை செய்யும்போது ஒவ்வொரு முறையின் நினைவும் மற்றொன்றுடன் கலந்து மங்குகிறது. ஐயத்தைத் தீர்க்கச் செய்யும் செயலே ஐயத்தை வளர்க்கிறது என்பதற்கு இது சான்று.

மருத்துவமனையில் தங்குவது எப்போது?

இந்நோயாளரில் பெரும்பாலோர் வெளிநோயாளராகவே சிகிச்சை பெறலாம். நாளின் பெரும்பகுதியைச் சடங்குச் செயல்கள் விழுங்குதல், உணவும் உறக்கமும் கெடுதல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றுதல், முறையான மருந்தும் பயிற்சியும் வெளியில் பயன் தராமை ஆகிய நிலைகளில் மருத்துவர் உள்நோயாளர் சிகிச்சையைப் பரிந்துரைப்பர்.

நோயின் கடுமையையும் அளக்க முடியும். 1989-இல் வெளியான யேல்–பிரௌன் அளவுகோலில் பத்து வினாக்கள் உண்டு. ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 40-இல் 16 முதல் 23 வரை நடுத்தரம். 24-உம் அதற்கு மேலும் கடுமை. நமது எடுத்துக்காட்டில் வரும் நோக்குநர் 31 பெற்றார் என்று கொள்வோம். பெங்களூரிலுள்ள தேசிய மனநல மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் இந்நோய்க்கெனத் தனிப் பிரிவு உண்டு. அத்தகைய பிரிவு ஒன்றில் ஆறு வாரம் தங்குமாறு அவருக்கு அறிவுரை கூறப்பட்டது.

சிகிச்சை முறை

சிகிச்சை இரு வகைப்படும். முதலாவது மருந்து. 1960-களில் உருவான குளோமிப்ரமின் இந்நோய்க்குப் பயன்படுவது கண்டறியப்பட்டது. பின்னர் வந்த ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின், ஃப்ளூவோக்ஸமின் முதலியவை மூளையில் செரட்டோனின் என்னும் இரசாயனப் பொருளின் போக்கை மாற்றுவன. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவினும் மிகுதியான அளவு இந்நோய்க்குத் தேவைப்படுவதுண்டு. முழுப் பயன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். ஆகவே இரண்டு வாரத்தில் பயனில்லை எனக் கைவிடுதலும், நலம் கண்டவுடன் தாமாக நிறுத்துதலும் தவறு.

இரண்டாவது பயிற்சி. 1966-இல் விக்டர் மேயர் என்பவர் இலண்டனில் இரு நோயாளருக்குச் செய்த சிகிச்சையை வெளியிட்டார். அச்சம் தரும் சூழ்நிலையை நோயாளர் எதிர்கொள்ளச் செய்து, சடங்குச் செயலை மட்டும் செய்யாதிருக்கத் துணைபுரிவதே அம்முறை. அச்சம் முதலில் ஏறும். செயலைச் செய்யாமல் பொறுத்திருந்தால் தானே இறங்கும். இறங்காதபோதும் தாங்கக்கூடியதே என்பது தெளியும். இதனை நோயாளர் தம் அனுபவத்தால் அறிதல் வேண்டும். பிறர் சொல்லக் கேட்டு அறிவதால் பயனில்லை.

நோக்குநருக்காகப் பயிற்சியாளர் ஓர் ஏணிபோன்ற பட்டியலை வகுத்தார். அடிப்படியில், செவிலியருக்கு ஒரு சிறு குறிப்பு எழுதி, திரும்பப் படிக்காமல் கொடுத்தல். நடுப்படியில், கூடத்துச் சுவரில் தொங்கும் வெப்பமானியை ஒரேமுறை படித்து, மையால் எழுதி, ஏட்டை மூடி அப்பால் செல்லுதல். மேற்படியில், “எழுதியது தவறாகவும் இருக்கலாம்” என்ற எண்ணத்தை மறுக்காமல், அதனுடனேயே உணவுண்ணச் செல்லுதல். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை தம் அச்சத்திற்கு 0 முதல் 100 வரை அவரே ஓர் எண் கொடுத்துக் குறித்தார். அளவெடுப்பதில் தேர்ந்தவருக்கு இது பழகிய வேலையே. முதல் நாளில் 85-இல் தொடங்கிய எண் ஒன்றரை மணி நேரத்திற்குப் பின் 40-க்கு இறங்கியது. இரண்டாவது வாரத்தில் அதே படி 50-இல் தொடங்கியது.

குடும்பத்தாருக்கும் பாடம் உண்டு. “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது” என்று அன்பினால் திரும்பத் திரும்பக் கூறுவதும் சடங்கில் பங்குகொள்வதே ஆகும். “இது நோயின் கேள்வி, இதற்கு நான் விடை சொல்லப் போவதில்லை, ஆனால் உங்களுடன் இருக்கிறேன்” என்று கூறப் பழகுதல் நன்று.

உத்தியோகம் பற்றிய அச்சம்

மருத்துவர் சேரச் சொன்னபோது நோக்குநர் முதலில் மறுத்தார். ஆறு வாரம் இல்லாவிடில் இடம் போய்விடும், காரணம் தெரிந்தால் நோக்கற்பணி மறுக்கப்படும், தெரியாமல் போகவும் வழியில்லை என்பன அவர் கூறிய மூன்று காரணங்கள். இவற்றைத் தனித்தனியே ஆராய்வோம்.

முதலாவது, விடுப்பு. 1972-ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணி விடுப்பு விதிகளின்படி, ஆண்டுக்கு 20 நாள் அரைச் சம்பள விடுப்புக் கணக்கில் சேர்கிறது. மருத்துவச் சான்றின்பேரில் அதனை முழுச் சம்பள விடுப்பாக மாற்றிக்கொள்ளலாம். அப்போது எடுக்கும் நாளைப்போல் இருமடங்கு கழிக்கப்படும். நோக்குநரின் கணக்கில் 130 நாள் இருந்தது. ஆறு வாரம் என்பது 42 நாள், கழிவது 84, மீதி 46. ஈட்டிய விடுப்பைத் தொடவேண்டிய தேவையே எழவில்லை. பணிக்குத் திரும்பும்போது உடற்தகுதிச் சான்று அளித்தல் வேண்டும்.

இரண்டாவது, பணிப் பாதுகாப்பு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்தலாகாது. அப்பணிக்குப் பொருந்தாதவரானால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணிக்கு மாற்றுதல் வேண்டும். இந்நோய் கண்டவர் அனைவரும் அச்சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிகள் ஆகிவிடுவதில்லை. நோயின் கடுமையைப் பொறுத்தே அது முடிவாகும். எனினும் உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பர் 17-இல் அளித்த தீர்ப்பு அறியத்தக்கது. மத்திய ரிசர்வ் காவற்படை அதிகாரி ஒருவருக்கு எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் இருந்தன. அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை தொடரப்பட்டது. பாரபட்சமான நடவடிக்கைக்கு மனநலக் குறைபாடு ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை, காரணங்களுள் ஒன்றாக இருந்தாலே பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் கூறி, முதல் விசாரணை தொடர்பான நடவடிக்கையை நீக்கியது. தனியார் நிறுவன ஊழியருக்கு விடுப்பு விதிகள் வேறுபடும். அவர் தம் நியமன ஆணையையும் நிறுவன விதிகளையும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

மூன்றாவது, இரகசியம். 2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளரின் செய்திகளை இரகசியமாக வைக்கும் கடமையைச் சட்டம் கூறும் சில விலக்குகள் நீங்கலாக மருத்துவர்மீது சுமத்துகிறது. தாமாக விரும்பிச் சேர்ந்தவர் தாமாக வெளியேறவும் உரிமை உண்டு. குறிப்பிட்ட காரணங்கள் இருப்பின் மட்டும் மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம். மருத்துவக் காப்புறுதி அளிப்போர் மனநோயை உடல்நோய்க்கு ஒப்பாகவே நடத்துதல் வேண்டும். ஆயினும் விடுப்புக்கான மருத்துவச் சான்றுப் படிவத்தில் நோயைக் குறிக்கும் இடம் உண்டு. ஆகவே அலுவலகத்தில் ஒருவருக்கேனும் செய்தி தெரியவே செய்யும். இந்த அச்சத்தைச் சட்டம் முற்றிலும் நீக்கிவிடவில்லை. எஞ்சியதை நீக்கவேண்டியது சான்றைக் கையில் வாங்கும் மேலதிகாரியின் கடமை.

நோக்குநரின் மேலதிகாரி சான்றை உறையிலிட்டுத் தாமே வைத்துக்கொண்டார். “திரும்பி வரும்போது நோக்கற்பணி உமக்காக இருக்கும்” என்று மட்டும் கூறினார். அவ்வொரு வாக்கியமே அவரை மருத்துவமனைக்கு அனுப்பியது எனலாம். ஏழாவது வாரம் அவர் திரும்பினார். ஐயம் முற்றிலும் மறையவில்லை. அளவுகோலில் 31 இருந்தது 13 ஆயிற்று. முதல் இரு வாரம் பகற்பணி மட்டும் கொடுக்கப்பட்டது. மருந்தும், மாதம் ஒருமுறை மருத்துவரைக் காண்பதும் தொடர்ந்தன. 8.30 மணிக்குக் கூண்டைத் திறந்து, ஒருமுறை படித்து, எழுதி, மூடிவிட்டு அவர் திரும்பி நடக்கிறார். பாதி வழியில் கால் தயங்கும் நாட்களும் உண்டு, ஆனால் திரும்புவதில்லை.

ஊழியர்களும் ஆசிரியர்களும் கவனிக்கவேண்டியவை

எழுதியதை அழித்து அழித்துத் தாள் கிழியும் மாணவனையும், தேர்வில் முதல் வினாவைத் தாண்ட முடியாத மாணவியையும் சோம்பேறி எனக் கருதலாகாது. இந்நோய் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ தொடங்குவதாகும். உடன் பணியாளர் பலமுறை உறுதி கேட்டால் ஏளனம் செய்யாமல், தனியே அழைத்துப் பேசி மருத்துவரிடம் செல்லத் தூண்டுதல் வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

வினாக்கள்

1. நற்பழக்கமான சரிபார்த்தலுக்கும் நோயான சரிபார்த்தலுக்கும் உள்ள வேற்றுமை யாது?
2. 2003-ஆம் ஆண்டுச் சோதனையில் குறைந்தது நினைவா, நினைவின்மீது கொண்ட நம்பிக்கையா? விளக்குக.
3. அரைச் சம்பள விடுப்புக் கணக்கில் 100 நாள் உள்ள ஊழியர், மருத்துவச் சான்றின்பேரில் 28 நாள் முழுச் சம்பள விடுப்பு எடுத்தால் மீதி எத்தனை?
4. உங்கள் அலுவலகத்தில் அல்லது பள்ளியில் இத்தகைய சான்று ஒன்று வந்தால், அதனை யார் யார் பார்க்க நேரும்? அவர்களுள் எத்தனை பேர் பார்க்க வேண்டியது அவசியம்?