முகம் வேறு, மூதாதை ஒன்றா?

கொச்சி யூதர்கள் மலையாளிகள் போலவும், ஐரோப்பிய யூதர்கள் ஐரோப்பியர் போலவும் இருக்கிறார்களே! எல்லோருக்கும் ஒரே மூதாதையர் என்பது உண்மையா?
– வாசகி, நாகர்கோவில்

உங்கள் கண் பார்த்ததும் சரி, மூதாதையர் கதையும் பெருமளவு சரி. 14 யூத சமூகங்களின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு 2010-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. பெரும்பாலான சமூகங்களில் மேற்கு ஆசிய வேர் தெளிவாகத் தெரிந்தது. இந்திய, எத்தியோப்பிய யூதர்கள் மட்டும் அக்கம்பக்கத்து மக்களோடு நெருங்கி நின்றார்கள்.

இந்திய யூதர்களைப் பொறுத்தவரை இதற்குக் காரணம், திருமண உறவுதான். கொங்கண் கடற்கரையின் பெனே இஸ்ரேல் சமூகத்தையே பாருங்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமில் மேற்கு ஆசியச் சாயல் இருக்கிறது. தாய்வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவோ பெரும்பாலும் இந்தியாவுடையது. கடல் கடந்து வந்த ஆண்கள், இந்த மண்ணின் பெண்களை மணந்து குடும்பமானார்கள்! கொச்சியிலும் அப்படிப்பட்ட கலப்பு உண்டு. அழகான வரலாறு இது.

ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்களிடமும் ஐரோப்பியக் கலப்பு கணிசம். இடைக்காலத்தில் அவர்களின் முன்னோர் மிகச் சிறு கூட்டமாகச் சுருங்கியதால் சில மரபணுக் குறைகள் சந்ததியில் பெருகின. குழந்தைகளைப் பலிகொள்ளும் டே-சாக்ஸ் நோய்க்கான மரபணு அவர்களில் ஏறக்குறைய முப்பது பேரில் ஒருவரிடம் இருக்கிறது. இதைச் சுமப்பவர்களை முன்பே கண்டறிய 1970-களில் தொடங்கிய ரத்தப் பரிசோதனை, அந்தச் சமூகத்தில் இந்நோயோடு பிறக்கும் குழந்தைகளை 90 சதவீதத்துக்கும் மேல் குறைத்துவிட்டது.