புத்தாண்டு இரவில் ரோந்துப் போலீஸ்

கேள்வி: பண்டிகை நாளில் ரோந்து போகும் போலீஸாருக்கு அப்படி என்ன ஆபத்து?

பதில்: கத்தியைவிட வண்டிதான் பெரிய ஆபத்து என்பேன். புத்தாண்டு இரவில் சென்னை காமராஜர் சாலையில் பைக் ரேஸ் விடும் பையன், தடுப்பைக் கண்டால் நிறுத்துவதில்லை, ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறான். கை காட்டி மறிக்கும் காவலருக்கு ஒதுங்க ஒரு நொடிதான். குடித்துவிட்டு ஓட்டுபவர்களையும் பிடிக்க வேண்டும்: வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். அதைச் சோதிக்க, போதையில் இருப்பவரின் முகத்துக்கு நேரே கருவியை நீட்டி ஊதச் சொல்ல வேண்டும். வசவும் தள்ளுமுள்ளும் அங்கேதான் தொடங்கும். பகல் பந்தோபஸ்து முடித்து, தூங்காமலே இந்த வேலைக்கு வருகிறவர்களும் உண்டு, இது கொடுமை. மறுநாள் அவர்களுக்குக் கட்டாய ஓய்வு வேண்டும். நீங்களும் தடுப்பை நெருங்கும்போது ஹைபீமைத் தணியுங்கள். கண் கூசினால், வண்டி எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்பது அங்கே நிற்கும் காவலருக்குத் தெரியாது.