நம்பிக்கைகளும் உண்மைகளும்: பத்துப் பேர் இல்லாத இடத்திலும் சட்டம் உண்டு

பெண்ணுக்குத் தீங்கு செய்பவன் முன்பின் தெரியாதவனாகத்தான் இருப்பான் என்ற நம்பிக்கை பொதுவானது. சுற்றுலாவை நம்பியிருக்கும் மலையூர்களில் அது வெளியூர்க்காரன் என்ற உருவத்தையும் எடுத்துக்கொள்கிறது. சீசன் மாதங்களில் கொடைக்கானல் சாலை வண்டிகளால் அடைபடும்போது, வழியிலுள்ள செண்பகனூர் போன்ற ஊர்களில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் அந்த வண்டிகளில் வருபவர்களைப் பற்றியவை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கோ வேறு திசையைக் காட்டுகிறது: நாட்டில் பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் 100க்கு 90க்கும் மேற்பட்டவற்றில், குற்றம் சாட்டப்பட்டவர் உறவினராகவோ, அண்டை வீட்டாராகவோ, வேலை கொடுத்தவராகவோ, எப்படியும் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவராகவோ இருக்கிறார்.

வீட்டுக்குள் நடப்பதை வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும், வெளியே போனால் குடும்பம் சிதறிவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. 2019-21 காலத்தில் நடத்தப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். அனைத்திந்திய அளவு 30 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் முன்னிற்பதாகப் பெருமைப்படும் மாநிலம் இந்த ஒப்பீட்டை அதிகம் பேசுவதில்லை. வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி நாடியவர்கள் நாடு முழுவதிலும் 14 விழுக்காட்டினர் மட்டுமே என்பதையும் அதே கணக்கெடுப்பு சொல்வதால், காவல் நிலையத்தில் புகார் இல்லை என்பதை வைத்து ஓர் ஊரில் வன்முறை இல்லை என்று முடிவு கட்ட இயலாது.

புகார் என்றாலே கணவன் சிறைக்குப் போவான் என்ற அச்சமே பல பெண்களைத் தடுக்கிறது. ஆனால் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவ்வாறு அமைக்கப்படவில்லை. அது பெரிதும் உரிமையியல் தன்மை கொண்டது. அதாவது, தண்டிப்பதைவிட அடியை நிறுத்துவதும், இருப்பிடத்தையும் பராமரிப்புச் செலவையும் உறுதிசெய்வதுமே அதன் முதல் நோக்கங்கள். பெண், பாதுகாப்பு அலுவலர் எனப்படும் அரசு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ குற்றவியல் நடுவரிடம் மனு கொடுத்து, தன்னை அடிக்கவோ அச்சுறுத்தவோ கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவைப் பெறலாம். அந்த உத்தரவை மீறினால்தான் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகிறது. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, ஆகவே மருமகளுக்கு அங்கே இடமில்லை என்ற வாதத்தையும் 2020இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்து, மணவாழ்வில் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் அவர் குடியிருப்புரிமை கோரலாம் என்று தீர்ப்பளித்தது. மனுவை 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்தக் கெடு பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிடுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வழக்குரைஞருக்குப் பணமில்லை என்பது மட்டும் தடையாக வேண்டியதில்லை: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் யாவரும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள்.

செண்பகனூருக்கும் அதைச் சுற்றியுள்ள மலைக்கும் மிக நெருக்கமான தவறான நம்பிக்கை, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் பெரிய அலுவலகங்களுக்கும் கணினி நிறுவனங்களுக்கும் உரியது என்பதாகும். காட்டேஜ்களில் அறை துடைப்பவர்கள், பங்களாக்களில் சமைப்பவர்கள், கேரட்டும் பூண்டும் விளையும் படிக்கட்டு வயல்களில் தினக்கூலிக்குப் போகும் பெண்கள் ஆகியோரில் பலர் வேலை செய்யும் இடத்தில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் பெண் ஒருவர் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு அமைக்கப்பட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுவதால், பத்துக்குக் குறைந்தால் சட்டமே இல்லை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அத்தகைய இடங்களுக்காகவே மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு என்ற ஒன்றைச் சட்டம் விதித்திருக்கிறது; வீட்டுவேலை நடக்கும் வீடும், அமைப்புசாராத் தொழில் நடக்கும் இடமும் அதன் பார்வையில் பணியிடங்களே, முதலாளியின் மீதான புகாரும் அங்கேதான் போகும். மலையிலிருந்து மாவட்டத் தலைநகரான திண்டுக்கல் வரை ஒரு நாள் கூலியை இழந்து இறங்க வேண்டியதில்லை என்பதற்காக, ஒவ்வொரு வட்டத்திலும் நகராட்சியிலும் புகாரைப் பெற்று ஏழு நாட்களுக்குள் குழுவுக்கு அனுப்பும் தொடர்பு அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் புகாரை எழுத உதவுவது குழுவின் கடமை. நிகழ்வுக்குப் பின் மூன்று மாதங்களுக்குள் புகார் தரப்பட வேண்டும், தகுந்த காரணமிருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இந்தச் சட்டத்தின் வேரும் அலுவலகத்தில் இல்லை: 1992இல் இராசத்தான் கிராமம் ஒன்றில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான அரசுத் திட்டக் களப்பணியாளர் ஒருவரின் வழக்கை ஒட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த மனுவில்தான், 1997இல் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் விசாகா நெறிமுறைகளை வகுத்தது.

சட்டம் இருந்துவிட்டால் போதும் என்று எண்ணுவதும் ஒரு நம்பிக்கைதான். அதைக் கலைத்தது இதே திண்டுக்கல் மாவட்டம். 2021 சனவரியில், நாச்சி அப்பாரல் என்ற ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். கொலைக்கு முன் பல மாதங்களாக அந்தப் பெண் துன்புறுத்தப்பட்டதாகக் குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் கூறினர். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது எட்டு வயதை எட்டிக்கொண்டிருந்தது. தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளின் துணையோடு ஓராண்டுக்கும் மேலாகப் போராடி, ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும், அங்கே ஆடை வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் செய்துகொண்டது. பின்னர் கேப், பிவிஎச் நிறுவனங்களும் சேர்ந்த இது, திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே உலகத் தொழிற்சங்க வட்டாரத்தில் அழைக்கப்படுகிறது. பாலினத்தோடு சாதியையும் இடப்பெயர்வையும் பாகுபாட்டின் காரணங்களாக அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தொழிலாளர்களிலிருந்தே தேர்ந்து பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் ஆலைத் தளத்திலேயே முறைகேடுகளைக் கவனித்துச் சொல்கிறார்கள். புகார் சொன்னதற்காகப் பழிவாங்குவது தடை செய்யப்பட்டிருக்கிறது. விதிகளை ஆலை மீறினால் வாங்கும் நிறுவனம் வணிக அழுத்தம் தரக் கடமைப்பட்டிருக்கிறது. புகார் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது, ஏனெனில் இங்கே புகார் சொல்லும் பெண் தனி ஆளாக நிற்பதில்லை. செண்பகனூரின் காட்டேஜ் பணியாளருக்கோ, சங்கமும் இல்லை, அழுத்தம் தரத்தக்க வாடிக்கை நிறுவனமும் இல்லை. ஆகவே அவருக்கு உள்ளூர்ப் புகார்க் குழுவின் உயிர்ப்பு இன்னும் இன்றியமையாதது.

உடனே சொல்லாத புகார் பொய்ப்புகார் என்ற நம்பிக்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் குர்மித் சிங் வழக்கிலேயே நிராகரித்து, தாமதத்துக்கு அச்சமும் மானம் பற்றிய கவலையும் காரணமாகலாம் என்று விளக்கியது. இதற்குத் தமிழ்நாட்டின் பெரிய சான்று, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. 1992 சூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாக அந்தப் பழங்குடி ஊருக்குள் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 18 பெண்களை வன்கொடுமைக்கு ஆளாக்கினர். ஊரார் பலர் சிறையில் அடைக்கப்பட, தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் சென்று கேட்ட பிறகே நடந்தது வெளியே தெரிந்தது. சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் மாதர் அமைப்பும் நீதிமன்றப் படியேறி, 1995இல் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்ற வைத்தன. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், உயிரோடிருந்த 215 பேரையும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே தேதியில் அத்தீர்ப்பை உறுதிசெய்த சென்னை உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும், அந்நாளைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கவும் அரசுக்கு உத்தரவிட்டது.