நிலத்தடி நீர்: செலவைப் பகிர்வது எப்படி?

நிலத்தடி நீருக்கு ஊர் எல்லை தெரியாது. ஒருவர் பணம் செலவிட்டு மண்ணில் இறக்கும் நீரை மற்றொருவர் கிணற்றில் இறைத்துக்கொள்வார். செலவை ஏற்பவர் யார்?

கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில் 1933-இல் நீர் வாரியம் ஒன்று அமைந்தது. மிகுதியாக இறைத்ததால் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது. ஆகவே 1950-களில், இறைக்கும் அளவுக்கேற்பக் கட்டணம் விதித்து, அப்பணத்தால் கொலராடோ ஆற்று நீரை வாங்கி மண்ணில் ஊறவிட்டனர். இறைப்பவன் கொடுக்கிறான்; இது எளிய கணக்கு.

அடுத்த கணக்குதான் சுவையானது. அங்குள்ள கழிவுநீர் வாரியம், கழிவுநீரைக் கடலில் விட இரண்டாவது பெருங்குழாய் பதிக்கவேண்டிய நிலையில் இருந்தது. அந்நீரையே தூய்மைசெய்து நிலத்தடிக்கு அனுப்பினால் குழாய் எதற்கு? இவ்வாறு பிறந்த கூட்டுத் திட்டத்தின் முதற்கட்டச் செலவை, அரசு மானியம் போக, இரு வாரியங்களும் சரிபாதியாக ஏற்றன. (கழிவுநீரா என முகம் சுளிக்க வேண்டா, நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், புறஊதாக் கதிர் ஆகியவற்றைக் கடந்தே அது மண்ணை அடைகிறது.) 2008-இல் நாளொன்றுக்கு 7 கோடி காலனாக இருந்த திறன் 2023-இல் 13 கோடியாயிற்று.

கிணற்று நீரை விற்காத வாரியம் பாதிச் செலவைத் தந்தது தானமன்று. இறைத்த நீரை அளக்க மானி உண்டு. மிச்சமான செலவை அளக்க மானி இல்லை. ஆயினும் அதனையும் பயன் என்றே கணக்கில் எழுதினர்.