தறிக்கு எடுத்துப் போக எந்தத் திரை?

காஞ்சிபுரத்தில் பட்டுக்கு டிசைன் போடுகிறவர்கள் பலர் கிராப் தாளை விட்டுக் கணினிக்கு வந்துவிட்டார்கள். கரை, முந்தானை, புட்டா மூன்றும் திரையில் கட்டம் கட்டமாக எழுகின்றன. அங்கிருந்து ஜக்கார்டு அட்டை அடிக்கப் போகின்றன. எலக்ட்ரானிக் ஜக்கார்டு என்றால் பென்டிரைவில் ஏறுகின்றன. வீட்டில் மேசைக் கணினி இருக்கிறவர்களும் சிறிய லேப்டாப் ஒன்று தேடுகிறார்கள், டிசைனைத் தறிக்கே கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கிறதே என்று. பிள்ளையார்பாளையத்துத் தறிவீடு, மாஸ்டர் வீவர் வீட்டுத் திண்ணை, புது உருவம் தேடி உட்காரும் கோயில் பிரகாரம் என்று எங்கே போனாலும் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கும் என்று சொல்ல முடியாது.

கடையில் முதலில் கேட்கிற கேள்வி, "சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்?" பதிலாகப் பெட்டியில் அச்சிட்ட மணிக்கணக்கைக் காட்டுவார்கள். அது பெரும்பாலும் திரை வெளிச்சத்தைத் தணித்து வைத்து, லேசான வேலை கொடுத்து அளந்தது. அதைவிட நம்பகமான கணக்கு நம் கையிலேயே இருக்கிறது. பேட்டரி எத்தனை வாட்-அவர் என்று கேளுங்கள். மொத்த லேப்டாப்பும் சராசரியாக எத்தனை வாட் இழுக்கிறதோ அதால் வகுத்துவிடுங்கள். 42 வாட்-அவர் பேட்டரி, 6 வாட் செலவு என்றால் 7 மணி நேரம். அந்த 6 வாட்டில் 3 வாட் திரைக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். திரைச் செலவு பாதியானால் மொத்தம் 4.5 வாட், பேட்டரி 9 மணி நேரத்தைத் தாண்டும். அதே லேப்டாப்பில் முழுச் சேலையையும் துணி போலக் காட்டும் மாதிரிப் படத்தை உருவாக்க ஓடவிட்டால், சில்லு தனியாகவே 15 வாட் தின்னும். அப்போது திரையில் மிச்சம் பிடித்த 1.5 வாட் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கூட்டித் தரும். சிக்கனத் திரைக்குக் கொடுக்கும் பணம் பார்ப்பது, காட்டுவது, கட்டம் திருத்துவது போன்ற லேசான வேலைக்குத்தான் பலன் தரும்.

திரை ஏன் இவ்வளவு தின்கிறது? எல்சிடி தானாக ஒளிர்வதில்லை. பின்னாலிருக்கும் பேக்லைட்டின் ஒளியை அது மறைத்தும் விட்டும் படம் காட்டுகிறது. முனைவாக்கும் தாளில் பாதிக்குமேல் போய்விடுகிறது, நிற வடிகட்டியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது, மிச்சத்தில் ஒரு பகுதியை டிரான்சிஸ்டரும் கம்பிகளும் மறைக்கின்றன. எரியும் ஒளியில் பத்தில் ஒரு பங்குகூடக் கண்ணுக்கு வருவதில்லை. டிரான்சிஸ்டர் சிறுத்தால் ஒளிக்கு வழி அகலும். 2018-இல் இன்டெல் நிறுவனம் ஷார்ப், இன்னோலக்ஸ் இரண்டுடனும் சேர்ந்து, சுமார் 1 வாட்டில் ஓடும் லேப்டாப் திரையைத் தைவானில் காட்டியது; பிறகு எச்பியின் விலை உயர்ந்த சிறு லேப்டாப்புகளில் அந்த வகைத் திரை வந்தது. இன்று 'லோ பவர்' என்று விவரத் தாளில் 400 நிட்ஸ் வெளிச்சத்துக்கு அருகில் எழுதியிருப்பது பெரும்பாலும் அந்தப் பரம்பரைதான். கட்டப் படம் அசையாமல் நிற்கும்போது திரை தன்னிடம் உள்ள படத்தையே காட்டிக்கொண்டு, சில்லை ஓய்வெடுக்க விடும் வசதியும் இவற்றில் உண்டு. மணிக்கணக்கில் ஒரே புட்டாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் டிசைனருக்கு இது பெரிய லாபம்.

பிக்சல் அடர்த்தியில் மட்டும் பேராசை வேண்டாம். பிக்சல் நெருங்க நெருங்க ஒளிக்கு வழி குறுகும், பேக்லைட் கூடுதலாக எரியும். 480 கொக்கி ஜக்கார்டுக்கான கிராப் முழு அகலமும் 1366 பிக்சல் திரையில் தெரிந்தால் ஒரு கட்டத்துக்கு 3 பிக்சல்கூடத் தேறாது, கண் வலிக்கும். 1920 அகலத்தில் ஒரு கட்டத்துக்கு 4 பிக்சல் கிடைக்கிறது. 13, 14 அங்குலத்துக்கு அதுவே போதும். அதற்கு மேலே போகும் ஒவ்வொரு படியும் பேட்டரியிலிருந்துதான் வருகிறது.

ஓஎல்இடி திரையைப் பார்த்ததும் மனம் போகும். கருப்பு அவ்வளவு ஆழம், ஜரிகை அவ்வளவு பளபளப்பு. அதில் ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது. கருப்புக்குச் செலவே இல்லை. வெள்ளைக்கு முழுச் செலவு. நம் கிராப்போ பெரும்பாலும் வெள்ளைத் தரை. டிசைன் மென்பொருளின் கருவிப் பட்டை நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதால், வருடங்கள் போகப் போக அதன் சுவடு திரையில் பதியும் அபாயமும் உண்டு. வாடிக்கையாளருக்குச் சேலைப் படம் காட்டுவதே முக்கிய வேலை என்கிறவருக்கு ஓஎல்இடி நல்லது. கட்டம் வரைகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிறத்தில்தான் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். குறைந்த விலை லேப்டாப்புகளின் விவரத் தாளில் '45% என்டிஎஸ்சி' என்று இருக்கும். எஸ்ஆர்ஜிபி வண்ண எல்லையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அதில் தெரியும். அரக்கும் மெரூனும் பக்கத்தில் பக்கத்தில் ஒன்றுபோலத் தெரியும், கிளிப்பச்சை வெளிறிவிடும். எம். எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் சாயம் ஏற்றித் தந்த எம்எஸ் ப்ளூவை அந்தத் திரையில் வைத்து யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒப்புக்கொண்ட பிறகு பாவு சாயத்துக்குப் போய்விட்டால் திருப்ப முடியாது. மின்சாரத்தை மிச்சம் பிடித்து நிறத்தைத் தொலைக்கிற திரை இந்த ஊருக்கு ஆகாது. 'எஸ்ஆர்ஜிபி 100%' என்று எழுதிய ஐபிஎஸ் திரையாகக் கேளுங்கள். லோ பவர் திரைகளிலும் அந்த வகை கிடைக்கிறது.

அடுத்தது வெளிச்சம். கைலாசநாதர் கோயில் பிரகாரத்தில் பகலில் நிழல் பார்த்து உட்கார்ந்தாலும் வெளியிலிருந்து வரும் ஒளி 10,000 லக்ஸ் அளவுக்கு இருக்கலாம். பளபளப்பான கண்ணாடித் திரை அதில் 5 சதவீதத்தைத் திருப்பினாலே 150 நிட்ஸுக்கு ஒரு வெள்ளைப் படலம் மேலே படரும். 250 நிட்ஸ் திரையின் கருப்பு சாம்பலாகும். மேட் பூச்சு அந்த ஒளியைச் சிதறடிப்பதால் எதிரே நிற்பவரின் உருவம் திரையில் விழாது. வெளியில் வேலை உண்டு என்றால் மேட், 400 நிட்ஸ். தறிக்கூடம் மட்டும்தான் என்றால் 300 போதும்.

வெயிலுக்கே பிறந்த திரை ஒன்று இருந்தது. அதை வடிவமைத்தவர் மேரி லூ ஜெப்சென். அந்தத் திரையோடு 2007-இல் ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்காக வந்த எக்ஸ்ஓ லேப்டாப்பில் பேக்லைட்டை அணைத்துவிட்டு, சூரிய ஒளியையே வாங்கிக் கருப்பு வெள்ளையில் படிக்கலாம். அவர் தொடங்கிய பிக்சல் கீ நிறுவனத்தின் திரையை இந்தியாவின் நோஷன் இங்க் தன் ஆடம் டேப்லெட்டில் வைத்தது. இரண்டும் நிலைக்காமல் போனது பெரிய இழப்பு. தறியில் உட்கார்ந்தபடி கட்டத்தை மட்டும் எண்ணிப் பார்க்கிறவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். இன்றைய ஈ-இங்க் திரைகள் அசையாப் படத்துக்கு மின்சாரமே கேட்பதில்லை. ஆனால் நிறம் மங்கல், கோடு இழுத்தால் தாமதம். படிக்க நல்லது, வரைய ஆகாது.

வெளியே அதிகம் போகாதவர் இந்தச் செலவெல்லாம் செய்ய வேண்டியதில்லை. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 யூனிட் ஆனது. கரன்ட் பில்லுக்காக லேப்டாப்பின் வாட்டை எண்ண வேண்டாம். பராமரிப்பு மின்தடை நாளில் வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும். டைப்-சி வழியாக சார்ஜ் ஏறும் லேப்டாப் என்றால், அதற்கு ஏற்ற 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் 74 வாட்-அவர் வைத்திருக்கிறது. வழியில் வீணாவதைக் கழித்தாலும் ஒரு சிறு லேப்டாப்பை ஒரு தடவை முழுதாக நிரப்பிவிடும். கையில் பணம் குறைவு என்றால் 300 நிட்ஸ் ஐபிஎஸ் திரையும் பவர் பேங்கும்தான் என் தேர்வு.

வீட்டில் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இருக்கலாம். அந்தத் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15, இந்த ஊரில் பிறந்த அண்ணாவின் பிறந்த நாள். அதன் திரையில் நிறம் பார்க்க வேண்டாம். பேட்டரி மாற்றி, எஸ்எஸ்டி போட்டால் தறிப் பக்கத்தில் கட்டம் காட்ட இன்னும் உழைக்கும்.

ஆர்ம் சில்லு வைத்த விண்டோஸ் லேப்டாப்புகள் சார்ஜில் அசத்துகின்றன. ஆனால் நெசவு மென்பொருள்கள் பல யூஎஸ்பி சாவி செருகினால்தான் திறக்கும். அந்தச் சாவிக்கு ஆர்ம் டிரைவர் உண்டா என்று மென்பொருள் விற்றவரிடம் உறுதி செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று வகைத் திரைகள் விற்கிறார்கள். அதனால் மாடல் பெயரை மட்டும் நம்பாமல், பெட்டியில் உள்ள முழு எண்ணை வைத்துத் திரை விவரத்தைப் பாருங்கள். கடைக்குப் போகும்போது சாயம் ஏறிய பட்டு நூல் கழிகள் நான்கைந்தும், அதே நிறங்களை வைத்துப் போட்ட டிசைன் ஒன்றும் எடுத்துப் போங்கள். லேப்டாப்பைக் கடை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, நூலைத் திரை ஓரத்தில் பிடித்துப் பாருங்கள். பழைய லேப்டாப் வாங்குவதானால் விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதில் இருந்த கொள்ளளவும் இன்று நிரம்பும் கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.