ஒரு சிறிய 'ஏ' செய்த வேலை

பத்தாம் வகுப்பு மாணவி, வேங்கிக்கால்



ஆங்கிலத் தேர்வில் கோடிட்ட இடங்களை நிரப்பும்போது 'ஏ', 'ஆன்', 'தி' என்ற மூன்று ஆர்டிகிள்களில் எதைப் போடுவது என்று தெரியாமல், எல்லாவற்றுக்கும் 'தி' போட்டுவிட்டு வருகிறவர்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன். போனால் அரை மதிப்பெண்தானே என்று நினைப்பேன். இந்த ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி அந்த நினைப்பை மாற்றிவிட்டது.

மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. குடும்ப நிலையைப் பற்றிய பகுதியில், "மை ஃபாதர் ஹாஸ் ஏ லிட்டில் லேண்ட்" என்று எழுதி சிஸ்டரிடம் காட்டினேன். சிஸ்டர் படித்துவிட்டு, "உன் அப்பாவுக்கு நிலம் எவ்வளவு?" என்று கேட்டார்கள்.

"முக்கால் ஏக்கர்தான் சிஸ்டர். அதுவும் ஏரி நிரம்பினால்தான் பயிர்" என்றேன்.

"அப்படியானால் இந்த 'ஏ'யை எடுத்துவிடு. இது இருந்தால் 'கொஞ்சம் நிலம் இருக்கிறது, பரவாயில்லை' என்று பொருள். எடுத்துவிட்டால் 'இருப்பதே கொஞ்சம், போதாது' என்று பொருள். இதைப் படிக்கிறவர் உன் தாளை எந்தக் கட்டில் வைப்பார் என்று நீயே யோசித்துப் பார்."

எனக்கு வியர்த்துவிட்டது. ஓர் எழுத்துதான்! 'ஏ ஃப்யூ', 'ஃப்யூ' என்பவையும் இப்படியே. "ஐ ஹாவ் ஏ ஃப்யூ ஃபிரண்ட்ஸ்" என்றால் சில தோழியர் உண்டு. 'ஏ' போய்விட்டால் தோழியரே அதிகம் இல்லாத பாவப்பட்டவள் ஆகிவிடுவேன்.

நமக்கு ஏன் இது இவ்வளவு கடினமாக இருக்கிறது என்று அன்று மாலையே சிஸ்டரைக் கேட்டேன். தமிழில் ஆர்டிகிள் இல்லை என்பதே பலரும் சொல்லும் காரணம். வடமொழியிலும் ரஷ்ய மொழியிலும் கூட இல்லையாம். திருச்சபையின் பழைய மொழியாகிய லத்தீனிலும் இல்லை. ஆனால் லத்தீனிலிருந்து பிறந்த இத்தாலியும் பிரெஞ்சும் ஆர்டிகிள்களை உண்டாக்கிக்கொண்டன. எதிலிருந்து தெரியுமா? 'ஒன்று' என்ற சொல்லிலிருந்தும் 'அது' என்ற சொல்லிலிருந்தும்தான். ஆங்கிலமும் அதே வழியில் போயிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்று பொருள்பட்ட சொல்லே தேய்ந்து 'ஆன்' ஆகி, பிறகு 'ஏ' ஆயிற்று. 'தி' என்பது 'தட்' என்ற சொல்லுக்கு உறவு.

ஒன்று, அது என்றால் நம் 'ஒரு'வும் 'அந்த'வும் அல்லவா! கதை சொல்லும்போது கவனியுங்கள். "ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு ஒரு மகள்." எடுத்த எடுப்பில் 'அந்த ராஜா' என்று யாராவது தொடங்கினால், "எந்த ராஜா?" என்று குழந்தைகூடக் கேட்கும். முதலில் வரும்போது 'ஏ', தெரிந்த பிறகு 'தி'. (தமிழம்மா இதைப் படித்தால் 'ஓர் ஊரிலே' என்று திருத்துவார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.)

இதைவிட வியப்பான ஒன்றை எங்கள் ஆயாவிடம் கண்டேன். ஆயாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஒரு நாள் அப்பாவிடம், "சந்தைக்குப் போய் மாடு வாங்கிட்டு வா" என்றார். மறு வாரம், "மாட்டைப் பிடிச்சுக் கட்டு" என்றார். முதலில் எந்த மாடாகவும் இருக்கலாம். அது 'ஏ கவ்'. பிறகு சொன்னது கொல்லையில் நிற்கும் நம் மாடு. அது 'தி கவ்'. வேறுபாட்டைக் காட்டியது இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ'! 'பால் குடித்தது', 'பாலைக் குடித்தது' என்று நீங்களும் சொல்லிப் பாருங்கள். பூனை குடித்தது அடுப்பின்மேல் வைத்த நம் பால் என்றால் 'ஐ' தானாக வந்துவிடும். மனிதர்களைக் குறிக்கும் சொற்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 'ஆசிரியர் பார்த்தேன்' என்று யாரும் சொல்வதில்லை. அங்கே 'ஐ' எப்போதும் வேண்டும். ஆனாலும், வகுப்பில் நமக்குப் புரியாத வேறுபாட்டை வீட்டில் பிழையில்லாமல் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இனி 'ஓர்' பற்றி. உயிரெழுத்துக்கு முன் 'ஓர்', மெய்க்கு முன் 'ஒரு' என்பது நாம் அறிந்தது. 'ஆன்', 'ஏ' என்பவையும் அப்படியே. ஆனால் ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்க்கக் கூடாது, காதால் கேட்க வேண்டும். 'அவர்' என்று ஒலிக்கும் மணி, 'ஹெச்' என்ற எழுத்தில் தொடங்கினாலும் 'ஆன் அவர்'தான். 'யூனிஃபார்ம்' உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலி 'ய'கரம். ஆகவே 'ஏ யூனிஃபார்ம்'. எம்.எல்.ஏ.வுக்கு முன்னும் எஸ்.எஸ்.எல்.சி.க்கு முன்னும் 'ஆன்' வரும். இதில் நாம் தவறுவதற்குக் காரணம் நம் நாக்குதான் என்பது என் கருத்து. நாம் 'எட்டு' என்பதை 'யெட்டு' என்றும், எம்.எல்.ஏ.வை 'யெம்மெல்லே' என்றும் பேசுகிறோம். அந்த 'ய'கரத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு 'ஏ'யே சரி என்று தோன்றுகிறது! 'எ' என்று வாயைத் திறந்து சொல்லிப் பாருங்கள். 'ஆன்' தானே வந்து ஒட்டும்.

ஊர்ப் பெயர்களை நம் திருவண்ணாமலையை வைத்தே நினைவில் கொள்ளலாம். தனி மலையின் பெயருக்கு 'தி' கிடையாது. ஆகவே வெறும் 'அருணாசலா'. மலைத்தொடருக்கு உண்டு, 'தி ஜவ்வாது ஹில்ஸ்'. ஆற்றுக்கு உண்டு, 'தி செய்யாறு', 'தி தென்பெண்ணை'. தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணைக்கும் உண்டு. ஏரிக்கு இல்லை; 'வேங்கிக்கால் லேக்' என்றே எழுத வேண்டும். ஆனால் இங்கே யாராவது "மலையைச் சுற்றிவிட்டு வந்தேன்" என்றால், எந்த மலை என்று ஒருவரும் கேட்பதில்லை. 14 கிலோமீட்டர் நடந்திருக்கிறார் என்று புரிந்துகொள்கிறோம். அந்த மலைதான் 'தி ஹில்'. பௌர்ணமி இரவில் மேலே நிற்பது 'தி மூன்'. இருப்பது ஒன்றுதானே!

சில இடங்களில் 'தி' வந்தால் போகும் காரியமே மாறிவிடும். நான் தினமும் 'டு ஸ்கூல்' போகிறேன், படிக்கிறேன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட அப்பா வந்தது 'டு தி ஸ்கூல்'. கட்டடத்துக்கு வந்தார், படிக்க வரவில்லை. ஞாயிறன்று திருப்பலிக்குப் போகிறவர் 'டு சர்ச்'. கிறிஸ்துமஸுக்கு முன் வெள்ளையடிக்கப் போகிறவர் 'டு தி சர்ச்'.

தமிழை நம்பி ஏமாறும் இடமும் ஒன்று உண்டு. 'ஒரு நல்ல செய்தி', 'ஓர் அறிவுரை' என்று நாம் சொல்வது சரி. ஆங்கிலத்தில் 'நியூஸ்', 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்' ஆகியவற்றை எண்ண முடியாது. அவற்றுக்கு முன் 'ஏ'யோ 'ஆனோ' போட்டால் சிவப்பு மை நிச்சயம். என் பயிற்சி ஏட்டில் 'ஏ குட் நியூஸ்' மூன்று முறை அடிபட்டிருக்கிறது.

அன்று இரவே விண்ணப்பத்தைப் புதுத் தாளில் திரும்ப எழுதினேன். ஆயா விளக்கருகே உட்கார்ந்து, "மறுபடியும் ஏன் எழுதறே?" என்று கேட்டார். "ஓர் எழுத்து கூடிப்போச்சு ஆயா" என்றேன். "ஒரு எழுத்துக்கு ஒரு தாளா!" என்று சிரித்தார். மறுநாள் அப்பா விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்தார். 'ஐ' போட்டுத்தான் எழுதியிருக்கிறேன். எந்த விண்ணப்பம் என்று உங்களுக்குத் தெரியும். பதில் இன்னும் வரவில்லை.