நட்டோடு சேர்ந்து சுற்றும் போல்ட்

நட்டை முடுக்கும்போது ஆங்கரும் கூடவே சுற்றினால் அந்தத் துளை போச்சு என்று அர்த்தம். ஸ்டட் ஆங்கரில் அடியில் இருக்கும் கிளிப், துளைச் சுவரைக் கவ்வ வேண்டும். கவ்வினால்தான் நட்டு முடுக்க முடுக்கக் கூம்பு மேலேறிக் கிளிப்பை விரிக்கும். 16 எம்எம் ஸ்டட்டுக்கு 16 எம்எம் துளைதான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் பிட் மோதியதும் மெஷினை ஆட்டி ஆட்டி இறக்கினால் துளை அகன்றுவிடும்.

ஒரகடத்தில் ஒரு பொங்கல் ஷட்டவுனில் கன்வேயர் கால்களைப் பதித்தோம். சில துளைகள் அப்படித்தான் போயின. பசையில் நிற்கும் கெமிக்கல் ஆங்கர் போடலாம் என்றேன். அது இறுகும்வரை காத்திருக்க நேரமில்லை என்று மெயின் கான்ட்ராக்டரின் இன்ஜினியர், கட்டுக்கம்பியை மடித்துச் செருகி ஆங்கரை அடிக்கச் சொன்னார். "டைட்டாயிடுச்சுல்ல, விடுங்கண்ணே." கம்பி இடுக்கில் சிக்கி நிற்கும்வரை டைட்தான். லைன் ஓடி அதிர்வு வந்ததும் நசுங்கியது, நட்டு தளர்ந்தது, பேஸ் பிளேட் நகர்ந்து அலைன்மென்ட் போனது. டெபிட் நோட் மட்டும் என் பெயருக்கு வந்தது. லைன் நின்ற நேரத்துக்கும் நானே பொறுப்பாம்!

அப்படி அகன்ற துளையையே 18 எம்எம் பிட்டால் 125 எம்எம் ஆழத்துக்கு நேராக்கினால் எம்16 ராடுக்குக் கெமிக்கல் சரியாக உட்காரும். ஆனால் தூசியை எடுக்க வேண்டும்: ஊது பம்ப், கம்பி பிரஷ், மறுபடி பம்ப். வாயால் ஊதினால் தூசி கண்ணுக்குத்தான் போகும். ட்யூபில் முதலில் வருவதை, நிறம் ஒன்றாகும்வரை வெளியே தள்ளிவிட்டு, அடியிலிருந்து நிரப்புங்கள். நம் வெயிலில் சீக்கிரம் இறுகும். நடுவில் டீக்குப் போனால் நாசில் வீண். ராடை இறக்கியபின், ட்யூபில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை அதைத் தொடாதீர்கள். துளை இன்னும் பெரிதாகிவிட்டதென்றால் நான்-ஷ்ரிங்க் கிரவுட்டால் அடைத்துவிட்டு, டிராயிங் போட்டவரிடம் கேட்டுத் தள்ளித் துளையிடுங்கள். சிமெண்டும் மணலும் குழைத்து அடைப்பது வேலையே அல்ல, சுருங்கிவிடும்.

தலைக்கு மேல் தொங்கும் பாரத்துக்கு மட்டும் கெமிக்கலை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். 2006 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் சுரங்கச் சாலையில் கூரைப் பலகைகள் விழுந்து ஒரு பெண் இறந்தார். சீக்கிரம் இறுகும் எபாக்சி, தொடர்ந்து இழுத்த பாரத்தில் மெல்ல மெல்ல இளகியதுதான் காரணம். 2012 டிசம்பரில் ஜப்பானின் சசாகோ சுரங்கத்திலும் ஒட்டுப் பசையில் நின்ற போல்ட்டுகள் கழன்று கூரை விழுந்தது. 9 பேர் இறந்தார்கள்.

நீங்களும் என்னைப் போல சப்-கான்ட்ராக்டில்தான் இருப்பீர்கள். "விடுங்கண்ணே" என்று சொல்பவரிடம் அதை வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். நான் வாங்கி வைத்திருந்ததால்தான் பிடித்த பணத்தில் பாதியாவது திரும்பியது.